பேர் சொல்லிக் கூப்பிட்டால்

புந்தோங், ஈப்போ
18 பிப்ரவரி 2024

தம்பி தேவாவுக்கு அக்கா கலாதேவி எழுதுவது. இங்கே நானும் ஷாமினியும் உன் மச்சானும் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குப் பசியாறுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் கடிதம் போடுகிற பைத்தியக்காரி யாரென்று சிரிக்காதே. உன் மச்சான் என் போனிலிருந்து உன் நம்பரை அழித்துவிட்டார். அதோடு விட்டாரா? "அவன்கிட்டப் பேசினேன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டார். பேசத்தானே கூடாது, எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. நான் வேலை செய்யும் டோபி கடை முகவரிக்கே பதில் போடு. எங்கள் முதலாளி, அந்தத் தௌக்கே அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குக் கள்ளக்காதலன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போகட்டும்.

மச்சான் மேல் கோபப்படாதே. போன தீபாவளிக்கு அவர் காரில் ஷாமினியையும் ஏற்றிக்கொண்டு மத்தாப்பு வாங்கப் போகிறேன் என்று போனாய். திரும்பி வந்தது போலீஸ் போன். சந்தை முக்குச் சுவரில் கார், என் பிள்ளையின் தாடையில் தையல். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நீ என்னிடம் என்ன சொன்னாய் தெரியுமா? "சுவரு ரொம்ப தூரத்துல இருந்துச்சுக்கா" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் சட்டையில் அந்தக் கஞ்சா வாடை. மச்சான் அன்றைக்கு உன்னை அடிக்காமல் விட்டதே பெரிது.

ஆனால் அவர் வாசலை ஒரேயடியாகச் சாத்தவில்லை. "ஒரு வருசம் அதத் தொடாம இருக்கட்டும். அடுத்த தீபாவளிக்கு நானே போய்க் கூட்டியாறேன்" என்றார். அவர் சொன்ன சொல் மாறாதவர் என்று உனக்கே தெரியும். எனக்கென்று இருக்கும் பிறந்த வீடு நீ ஒருத்தன்தான். அதனால் கேட்கிறேன். விட்டுவிட்டாயா?

அக்கா கலா

—

தஞ்சோங் மாலிம்
10 மார்ச் 2024

என் அக்காவுக்கு, உன் கடிதத்தைப் பார்த்ததும் கோர்ட்டிலிருந்து வந்த சம்மன் என்று பயந்துவிட்டேன். அறைக்கூட்டாளிகள் ஒரே கிண்டல். நான் நலம். முதுகும் பரவாயில்லை. உங்கள் மூவரின் நலத்தையும் முனியாண்டி பார்த்துக்கொள்வார்.

நல்ல செய்தி ஒன்று. லோரி வேலை கிடைத்துவிட்டது. செம்பனைக் குலை ஏற்றி, காம்பாருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பெரிய ரோட்டில் போவதில்லை, பழைய ரோடுதான். அதனால் வழியில் எது வரும் சொல் பார்ப்போம். நம்ம ஆறாங்கட்டைத் தோட்டம்! நாம் பிறந்த லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில் இப்போது ஒரே செம்பனை. ஆனால் முச்சந்தியில் முனியாண்டி கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பா ரப்பர்ப் பால் லோரி ஓட்டிய காலத்தில் தினமும் சுருட்டுப் பற்றவைத்து வைப்பாரே, அந்தக் கல்லும் இருக்கிறது. நானும் நிறுத்தி ஒரு சுருட்டு வைத்தேன். அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவது போலவே இருந்தது.

நீ கவலைப்படாதே. நான் ரொம்ப நிதானமாக ஓட்டுகிறேன். என்கூட ஏறும் ரூபன் என்னை ஆமை என்றுதான் கூப்பிடுகிறான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே சாகிறான். வேகமாக ஓட்டுகிறவன்தானே இடிப்பான்?

போன வாரம் கம்பெனியில் எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்குக் காய்ச்சல், லீவு. நீ கேட்டதற்குப் பதில், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஷாமினிக்கு மாமாவின் முத்தம்.

தேவன்

—

புந்தோங்
21 ஏப்ரல் 2024

தேவா, வீட்டில் எல்லாரும் சுகம். காய்ச்சல் என்று எழுதியிருந்தாயே, இப்போது உடம்பு தேவலையா? நல்லெண்ணெய் தேய்த்துக் குளி.

நீ நன்றாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. விட்டுவிட்டாயா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றா? சின்ன வயதில் மாங்காய் திருடிவிட்டு வந்து, "அக்கா, எனக்கு வயிறு வலிக்குது" என்பாயே, அதே ஆள்தான் இன்னும்.

சரி, திட்டி எழுதத் தாள் செலவழிக்க மாட்டேன். இங்கே ஒரு அதிசயம். போன ஞாயிறு மச்சான் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தவர், கை கழுவிக்கொண்டே, யாரையோ விசாரிப்பது போல, "உன் தம்பி லோரி ஓட்டுறானாம்ல. எந்த ரோடு?" என்றார். லகாட் ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எனக்கென்ன தெரியும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தெரியாதுலா, ஒனக்கு எதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதமாயிற்று! கடிதம் போவது அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஷாமினி தாடைத் தழும்பைப் பள்ளித் தோழிகளிடம், "என் மாமா கொடுத்தது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பத்திரமாக ஓட்டு. மழைக்காலத்தில் அந்தப் பழைய ரோடு வழுக்கும்.

அக்கா

—

தஞ்சோங் மாலிம்
26 மே 2024

அக்காவுக்கு, உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போன வெள்ளிக்கிழமை அந்திநேரம், லோடு ஏற்றிக்கொண்டு ஆறாங்கட்டை முச்சந்தியை நெருங்குகிறேன். மழை விட்டு ரோடெல்லாம் புகை போலப் பனி. கோயிலுக்கு எதிரே ஓர் ஆள் நிற்கிறார். நல்ல உயரம். வெள்ளை வேட்டி. முகம் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் நிற்கிறார் என்று மட்டும் தெரிகிறது. அக்கா, அவ்வளவு நேரம் நின்றார். லோரி போய்க்கொண்டே இருக்கிறது, அவர் கிட்டே வந்துகொண்டே இருக்கிறார், ஆனால் வந்து சேரவில்லை. ஒரு முழுப் பாட்டு ஓடி முடியும் நேரம் இருக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் ரேடியோவில் மசாலாத் தூள் விளம்பரம் தொடங்கியது. நான் அந்த இடத்தைக் கடந்த பிறகும் அதே விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடக்கும்போது, "தேவா" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. ரூபன் அன்றைக்கு வரவில்லை. வண்டியில் நான் ஒருத்தன்தான். சத்தியமாகக் கேட்டேன்.

அடுத்த கணம் இடது பக்கம் பட்டென்று ஒரு சத்தம். ஆலைக்குப் போய் இறங்கிப் பார்த்தால் இடப்பக்கக் கண்ணாடி நொறுங்கித் தொங்குகிறது. ரோட்டின் நடுவில்தான் போனேன். யார் மேலும், எதன் மேலும் மோதவில்லை. அறைந்திருக்கிறது அக்கா. முனிதான் அறைந்திருக்கிறது. நான் ஏதோ குறை வைத்திருக்கிறேன்.

அன்று இரவு பசி தாங்காமல் ஆறு ரொட்டி சானாய் தின்றேன். பிறகு பேயாட்டம் தூங்கினேன். இனியும் தினமும் அதே ரோட்டில்தான் போகவேண்டும். என்ன செய்யட்டும்?

தேவன்

—

புந்தோங்
3 ஜூன் 2024

என் தம்பிக்கு, கடிதம் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். உடனே எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றுமில்லை, எங்களைப் பற்றி நினைக்காதே.

அப்பா சொன்னதை மறந்துவிட்டாயா? தோட்டத்தில் பால் லோரி ஓட்டியவர்கள் எல்லாருக்கும் அது பாடம். முனி நடமாடும் இடத்தில் அது எந்த உருவத்திலும் நிற்கும். நிறுத்தக் கூடாது. ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டியைத் திருப்பி ஒதுங்கவும் கூடாது. அது வழி விடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சந்தேகமே வேண்டாம், மனுசன் இல்லை. உன் பேர் தெரிந்தவன் யார் அந்தக் காட்டில் நிற்கப் போகிறான்? பதில் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், போய்க்கொண்டே இரு. அப்பாவை அப்படித்தான் ஒருமுறை கூப்பிட்டதாம். பதில் சொல்லியிருந்தால் நாமிருவரும் பிறந்தே இருக்க மாட்டோம் என்று அம்மா சொல்லுவார்.

நான் இங்கே கோயில் பூசாரி சன்னாசி அண்ணனைப் பார்த்துப் பேசினேன். "முனிக்குச் சூலம் சாத்தி, படையல் போடணும்லா. நானே வந்து செஞ்சு குடுக்கிறேன்" என்றார். நல்ல நாள் பார்க்கிறோம். அதுவரை டயரில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்காதே. இத்தோடு கறுப்புக் கயிறு வைத்திருக்கிறேன், வலது கையில் கட்டிக்கொள்.

கண்ணாடி உடைந்தது பற்றி மட்டும் கேட்க நினைத்தேன். வேண்டாம், விடு. வேறு ஒன்றும் இல்லையே தேவா?

உன் அக்கா

—

தஞ்சோங் மாலிம்
4 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு வணக்கம். கயிறு கட்டிக்கொண்டேன். நான் இப்போது நன்றாக இருக்கிறேன், நிஜமாகவே. ஷாமினி எப்படி? பரீட்சை எழுதினாளா? மச்சான் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறாரா? அந்த வெல்டிங் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்று சொல்.

நீ எழுதியபடியே நடக்கிறேன். தினமும் முனிக்குச் சுருட்டு வைத்துவிட்டு, பிரசாதமாக நானும் ஓர் இழுப்பு. பிறகு பயம் போய்விடுகிறது. மனசு தண்ணீர் போல ஆகிவிடுகிறது.

அது நிற்பது நிற்கத்தான் செய்கிறது. போன மாதம் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். முதலில் உடம்பெல்லாம் வேர்த்தது. ஒருநாள் கண்ணை மூடாமல், பிரேக்கைத் தொடாமல், நேராக அதன் மேலேயே விட்டேன். ஒன்றுமே இல்லை அக்கா! காற்று. ஊடே புகுந்து போய்விட்டேன். பின்னால் பார்த்தால் வெறும் ரோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான். "வா, வந்து நில்லு, நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

ரூபன் என்கூட வருவதில்லை. வேறு லோரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். "ஒன்கூட வந்தா எம் பொண்டாட்டி தாலி அறுப்பா" என்கிறான். அவனுக்கு முனி என்றால் அவ்வளவு பயம்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. மச்சான் ஏதாவது சொன்னாரா? ஷாமினிக்கு மஞ்சளில் பாவாடை சட்டை பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி

—

புந்தோங்
29 செப்டம்பர் 2024

தேவா, நீ சுகம்தானே? நாங்கள் இருக்கிறோம். ஷாமினி தமிழில் முதலாவதாக வந்திருக்கிறாள்.

பதில் போட ஏன் இத்தனை நாள் என்று நினைத்திருப்பாய். டோபி கடையில் ஹோட்டல் துணி மலை போலக் குவிந்துவிட்டது என்று எழுதலாம். எழுதினால் பொய். உன் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். பிறகு இஸ்திரி மேசையின் அடியில் வைத்துவிட்டேன். எடுக்கக் கை வரவில்லை.

அந்தச் சுருட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க உட்கார்ந்தேன். எழுத்தில் கேட்டால் நீ எழுத்தில் ஏதாவது சொல்லுவாய். அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அந்த வழியாகத்தானே போகிறாய்? அதே அந்திநேரம்தானே? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. நல்லதற்குத்தான். அக்கா முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்.

கலா

—

தஞ்சோங் மாலிம்
6 அக்டோபர் 2024

அக்கா! சுகம் சுகம், எல்லாம் சுகம். என்ன மர்மம் இது? ஆமாம், வெள்ளிக்கிழமை அதே ரோடு, விளக்குப் போடும் நேரத்துக்கு ஆறாங்கட்டை.

படையல் போடப் போகிறீர்கள், அதுதானே? எனக்குத் தெரியும். நீ ரகசியம் காக்கும் அழகுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமே. போட்டால் நல்லது. இப்போது அது ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

மஞ்சள் பாவாடை வாங்கிவிட்டேன். மச்சானுக்கு ஒரு வேட்டி. அவர் கையால் வாங்கிக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம். நல்லபடி முடியட்டும்.

தேவன்

—

சிறைச்சாலை
15 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

இங்கே மாதத்துக்கு இத்தனை என்றுதான் தாள் கொடுக்கிறார்கள். முதல் தாளை உனக்கு எழுத எடுத்து வைத்துக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஷாமினி சாப்பிடுகிறாளா?

நீ கோர்ட்டுக்கு வந்தாய், என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமையும் பனி. வெள்ளை வேட்டி, நல்ல உயரம், கையில் சூலம். ரோட்டின் நடுவில் நின்றது. மற்ற நாள் வெறுமனே நிற்கும். அன்றைக்குக் கையை ஆட்டியது. "தேவா" என்று கூப்பிட்டது. அதற்கு மேலும் ஏதோ சொன்னது. நான் நீ சொன்னபடிதான் செய்தேன் அக்கா. நிறுத்தவில்லை, ஒதுங்கவில்லை, பதில் சொல்லவில்லை. ஊடே புகுந்து போய்விடலாம் என்று நேராக விட்டேன். எவ்வளவோ நேரம் இருந்தது. சூலத்தின் மூன்று முனையையும் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நேரம் இருந்தது.

அப்புறம் சத்தம் கேட்டது.

மறுபடி கண்ணாடியை அறைந்துவிட்டது என்றுதான் இறங்கினேன். சன்னாசி பூசாரி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பாவி, ஒம் மச்சான்டா! தர்மேந்திரன்டா!" என்று கத்தினார். எனக்கு விளங்கவில்லை. மச்சான் ஏன் அங்கே வரப் போகிறார்? நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே அக்கா. மச்சான் வருகிறார் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனே.

முனி என் கண்ணைக் கட்டிவிட்டது. பத்து வருசத்துக்குக் குறையாது என்கிறார் வக்கீல். நீ ஒரு பதில் போடு. திட்டியாவது போடு.

தேவன்

—

புந்தோங்
2 பிப்ரவரி 2025

தேவா,

சுகம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. விசாரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஷாமினி சாப்பிடுகிறாள். அப்பாவின் தட்டில்தான் சாப்பிடுகிறாள்.

ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்டாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். மச்சான் வேண்டாம் என்றார். கண்ணாடி உடைந்த கதை, முனி கதை, எல்லாவற்றையும் செப்டம்பரில் அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் போனது. பிறகு சொன்னார், "அவனுக்கு முனி புடிக்கல கலா. கஞ்சாவ விட்டிருக்க மாட்டான். கம்பத்துல ஒரசிட்டு முனி அறைஞ்சிச்சுங்குறான். நேர்ல பாத்தாத்தான் தெரியும். முன்கூட்டிச் சொல்லாத, சொன்னா அன்னைக்கு வேற ரோட்டுல போயிருவான்." நான் கேட்டேன், "போதையில இருந்தா என்ன செய்வீங்க?" அதற்கு அவர், "எப்படி இருந்தாலும் கூட்டியாறேன். வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம். ரோட்டுல விட்டா யாரையாவது கொன்னுருவான்" என்றார்.

அவருக்குப் படையலில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எனக்காகப் பட்டறையில் உட்கார்ந்து அந்தச் சூலத்தை அவர் கையாலேயே செய்தார். படையலுக்காகத்தான் வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

ரோட்டின் நடுவில் நின்றது என்று எழுதியிருக்கிறாய். கோர்ட்டில் படம் காட்டினார்களே, நீ பார்க்கவில்லையா? அவர் ரோட்டிலேயே இல்லை தேவா. கோயில் பக்கத்துப் புல்லில் நின்றார். உன் டயர் தடம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி, புல்லுக்குள் ஏறிப் போயிருக்கிறது. நீ நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு அவரை நோக்கிப் போயிருக்கிறாய். உனக்கு முன்னால் போன காய்கறி வேன்காரர் அவரைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், கையைக் காட்டிவிட்டுப் போனார். அவர் கண்ணை எந்த முனியும் கட்டவில்லை. உன் ரத்தத்தில் கஞ்சா இருந்தது என்று கோர்ட்டில் வாசித்தபோது உன்னைத்தான் பார்த்தேன். நீ தலையைக் குனிந்திருந்ததால் உனக்குத் தெரியவில்லை.

எவ்வளவோ நேரம் இருந்தது என்கிறாய். இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். கூப்பிட்டுக் கையைத் தூக்கி இறக்கும் நேரம்தான் இருந்திருக்கும் என்றார். "சுவரு ரொம்ப தூரத்துல இருந்துச்சுக்கா." அதுதான். முழுப் பாட்டு, விளம்பரம் என்று நீ மே மாதம் எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பேச்சு. அந்தக் கடிதத்தைப் படித்த நிமிசமே, இவன் மறுபடி புகைக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் உன் கம்பெனிக்கு ஒரு போன் போடவில்லை. உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முனி என்றால் படையல் போட்டுச் சரிசெய்துவிடலாம். நிறுத்தாதே, நிறுத்தாதே என்று என் கையாலேயே எழுதி உனக்கு அனுப்பினேன். அடுப்படியில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, அந்த வரி என் காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதற்கு மேலும் ஏதோ சொன்னது என்று எழுதியிருந்தாய். என்ன சொன்னார் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? பக்கத்தில் நின்ற சன்னாசி அண்ணன் கேட்டிருக்கிறார். உன் லோரி விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பாம். படையலைக்கூட விட்டுவிட்டு எழுந்து, கையை ஆட்டிக் கூப்பிட்டாராம்.

"தேவா, வாடா, வீட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான் எழுத முடிகிறது.

கலாதேவி

—

சிறைச்சாலை
16 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் அதை மடித்துச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

புகைத்தேன். போன வருசம் பிப்ரவரியில் நீ கேட்டபோதும் புகைத்துக்கொண்டுதான் இருந்தேன். சுருட்டைப் பிரித்து அதற்குள் வைத்து, முனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மெதுவாகத்தானே ஓட்டுகிறேன், என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ரூபன் பயந்தது முனிக்கு இல்லை, எனக்குத்தான். அவன் என்னிடம் நேராகவே சொன்னான். உனக்கு மாற்றி எழுதினேன். நீ எழுதியதால் நடந்தது என்று நினைக்காதே. நான் உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அதை எழுதியே இருக்க மாட்டாய்.

இங்கே வந்த பிறகு தலை தெளிந்துவிட்டது. முனி ஒரு தடவைகூட வரவில்லை. மச்சான்தான் வருகிறார். வேட்டியோடு, சூலத்தோடு, சிரித்துக்கொண்டு. முன்பு முகம் தெரியாது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

சாயங்காலம் கதவு அடைக்கும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தனும் "அடா" என்று சொல்ல வேண்டும், மலாயில் இருக்கிறேன் என்று அர்த்தம். என் பேர் வரும்போது எனக்கு வாய் திறக்காது. பக்கத்தில் நிற்பவன் முழங்கையால் இடிப்பான். அந்த நேரத்தில், வெளிச்சம் போகும் நேரத்தில், யாராவது "தேவன்" என்று கூப்பிட்டாலே உடம்பு கல் மாதிரி ஆகிவிடுகிறது.

நேற்றும் அப்படித்தான். அதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது சத்தமாகவே என் வாயில் வந்துவிட்டது.

"வாரேன் மச்சான்."

வரிசையில் நின்ற தமிழ்ப் பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மலாய்க்காரர், அவருக்குப் புரியவில்லை. அடா என்று குறித்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

தேவன்